கோபத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது?

வாசகர் கடிதம் (2026 ஜனவரித் தொடக்கம்):

"வணக்கம் வழக்கறிஞர் அம்மா. எனக்கு வயது 63. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அஞ்சல் துறையில் 36 ஆண்டு வேலை பார்த்து சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றேன். 1973-இல் அப்பா அம்மாவோடு சிலோனிலிருந்து கப்பலில் வந்தவன். எந்தக் கட்சியிலும் இல்லை. யாரும் எந்தச் சாமியையும் கும்பிடலாம், அரசாங்கத்தை யாரும் கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச வருடமாக நாட்டு நடப்பைப் பார்க்கவே முடியவில்லை. எம்.பி.க்களை வெளியே அனுப்பிவிட்டுச் சட்டம் போடுகிறார்கள். எங்கள் அஞ்சல் சட்டத்தையே அப்படித்தான் மாற்றினார்கள். குடியுரிமைச் சட்டத்தில் எங்கள் சனத்தை விட்டுவிட்டார்கள். நூறு நாள் வேலைக்கு வைத்த புதுப் பெயர் வாயில் நுழையவில்லை. வாக்காளர் வரைவுப் பட்டியலில் என் கொழுந்தியா பெயரைக் காணோம். விடிகாலை நாலரைக்கு எழுந்ததும் போனைத்தான் எடுக்கிறேன். தீபாவளியன்று மச்சானோடு இதைப் பேசப்போய்ச் சண்டையாகி, இரண்டு மாதமாகப் பேச்சில்லை. பெங்களூரில் இருக்கும் மகன், 'எதையும் எழுதாதீங்கப்பா, கேஸ் போடுவாங்க' என்கிறான். சாதாரண ஆளால் ஏதாவது செய்ய முடியுமா அம்மா? இல்லை, செய்தி பார்ப்பதையே விட்டுவிடட்டுமா?"

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஆறேழு விஷயங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு மட்டும் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4-இல் தொடங்கி, டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் அந்தக் கணக்கில் உண்டு. உங்கள் கொழுந்தியாளைப் போல இங்கேயே உயிரோடு இருப்பவர்களும் உண்டு. பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க 2026 ஜனவரி 18 வரை நேரம் இருக்கிறது.

போன வாரம் ஓர் எஸ்டேட் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. மேசைமேல் அதைக் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, அவருடைய அப்பாவின் பழைய இந்திய பாஸ்போர்ட், சிலோனிலிருந்து வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. குடும்ப அட்டை நாலாக மடிந்து, மடிப்பு விட்டுப்போய், பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகியிருந்தது. அவர் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தது. மூன்று மாதம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். அந்தச் சமயத்தில் படிவம் கொடுக்க வந்தவர்கள் லைன் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். "அப்பாவை அங்க வேணாம்னு அனுப்பினாங்க, என்னை இங்க காணோம்னு எழுதிட்டாங்க" என்றார். அதைக் கேட்டபின் அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆனால் அவருடைய வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. முந்தைய தீவிரத் திருத்தத்தின்போது வந்த 2005 பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்து, பெயர் சேர்க்கக் கேட்கும் படிவம் 6-ஐயும் அதோடு வைக்கவேண்டிய உறுதிமொழித் தாளையும் பூர்த்தி செய்து, வாக்குச்சாவடி அலுவலரிடம் கொடுத்து ரசீது வாங்கினோம். உங்கள் கொழுந்தியாளுக்கும் இதையே செய்யுங்கள். 2002 அல்லது 2005 பட்டியலில் அவர் பெயரோ, அவருடைய அப்பா அம்மா பெயரோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. பதிவு அலுவலர் மறுத்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். ரசீது இல்லாமல் மட்டும் திரும்பாதீர்கள். பதிவுத் தபாலின் ஒப்புதல் அட்டை ஒரு வழக்கையே மாற்றும் என்பது 36 ஆண்டு அஞ்சலகத்தில் இருந்த உங்களுக்குத் தெரியாததா?

இனி குடியுரிமைச் சட்டம். இதில் உங்களுக்கு ஒரு பயம் உள்ளுக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது, அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கில் வந்த உங்கள் பெற்றோர் அங்கிருந்த இந்தியத் தூதரகத்தில் குடியுரிமைக்குப் பதிந்து, இந்திய பாஸ்போர்ட்டோடு கப்பல் ஏறியவர்கள். இந்த மலையில் அரசு தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் உருவானதே அந்த மக்களுக்கு வேலை கொடுக்கத்தான். நீங்கள் அகதியும் இல்லை, 2019 சட்டம் உங்கள் குடியுரிமையைத் தொடுவதும் இல்லை. அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் ஆதங்கம் நியாயமானது. அந்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொல்லி, ஆறு மதத்தைச் சொல்லி வழி திறந்தது. இஸ்லாமியரை விட்டது. இலங்கையை விட்டது. 1983-க்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இங்கே முகாமிலேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் முகாமிலேயே வளர்ந்து நிற்கிற தமிழர்களுக்கு அதில் ஒரு வரி கிடையாது. குடியுரிமைக்கு மதத்தை அளவுகோலாக வைத்தது தவறு என்பதுதான் என் கருத்தும். அதை எதிர்த்து 2019-இலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் ஆண்டுக்கணக்காகக் கிடக்கின்றன. விதிகள் மட்டும் 2024 மார்ச்சில் வந்துவிட்டன. தாமதமும் ஒரு வகையில் தீர்ப்புதான் என்று எங்கள் தொழிலில் வெளிப்படையாகச் சொல்லமாட்டோம். இன்று சொல்கிறேன்.

நூறு நாள் வேலை விஷயத்தில் பெயரைவிடப் பணத்தைப் பாருங்கள். 2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டம் 125 நாள் என்கிறது. அதே சட்டம் செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் வைக்கிறது. முன்பு கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. இமயமலை, வடகிழக்கு மாநிலங்களுக்கு 10 சதவீதம் போதுமாம்; நம் மலைக்கு அந்தச் சலுகை இல்லை. உங்கள் ஊராட்சியில் இனி எத்தனை நாள் வேலை உண்மையில் கிடைக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

அடுத்தது அஞ்சல் சட்டம். உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது இதுதான். நீங்கள் சொல்வது உண்மை. 2023 டிசம்பர் 18 அன்று மக்களவையில் 33 பேர், மாநிலங்களவையில் 45 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்றே மக்களவையில் அஞ்சல் அலுவலக மசோதா நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் 146 பேர். மூன்று குற்றவியல் சட்டங்களும் அதே நாட்களில்தான் நிறைவேறின. 2009-14-இல் இருந்த 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் நாடாளுமன்றக் குழுக்களுக்குப் போய், வரிவரியாகப் பார்க்கப்பட்டு வந்தன. 2019-24-இல் இருந்த 17-ஆவது மக்களவையில் அது 16 சதவீதம். அந்த அவைக்கு ஐந்து ஆண்டும் துணை சபாநாயகரே கிடையாது. மற்ற எதையும்விட எனக்குக் கவலை தருவது இந்த இரண்டும்தான். சட்டம் கெட்டதாக இருந்தால் திருத்தலாம். சட்டம் செய்கிற இடத்தில் கேள்வி கேட்க ஆளில்லை என்றால் அது கெட்டதா நல்லதா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் போகும்.

இதில் பழைய கதை ஒன்று இருக்கிறது, நீங்கள் வேலையில் சேர்வதற்குக் கொஞ்சம் முந்தையது. இந்தப் புதுச் சட்டத்தில் உள்ள, கடிதத்தை இடைமறித்துப் பிரிக்கிற அதிகாரம் 1898 அஞ்சல் சட்டத்திலேயே, 26-ஆம் பிரிவில் இருந்தது. 1986-இல் ராஜீவ் காந்தி அரசு அந்த அதிகாரத்தை இன்னும் விரித்து ஒரு மசோதா கொண்டுவந்தது. இரண்டு அவையிலும் நிறைவேறிவிட்டது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அப்படியே வைத்துக்கொண்டார். 2002-இல் அது திரும்பப் பெறப்பட்டது. இதைச் சொல்லி இன்றைய ஆட்சியை நான் விடுவிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஆசை எந்தக் கட்சி ஆட்சிக்கும் வரும். மச்சானிடம் பேசும்போது இதையும் சேர்த்துச் சொன்னால், அவர் காதில் உங்கள் பேச்சு வேறு மாதிரி விழும்.

மகன் சொன்னதற்கு வருகிறேன். பிள்ளை பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது, அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் எரிச்சலூட்டும்படி எழுதினாலே குற்றம் என்ற 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. பழைய தேசத்துரோகப் பிரிவை 2022 மே மாதம் நிறுத்தி வைத்தது. புதிய குற்றவியல் சட்டத்தில் அதன் இடத்தில் 152-ஆம் பிரிவு வந்திருக்கிறது. அது கடுமையான பிரிவுதான், ஏழு ஆண்டு வரையோ ஆயுள் முழுவதுமோ சிறை என்கிறது. ஆனாலும் அரசின் நடவடிக்கையைச் சட்டப்படி மாற்றவைக்கும் நோக்கத்தோடு கண்டித்துப் பேசுவது குற்றமாகாது என்ற விளக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது. போலீஸ் எப்போதும் அந்த விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வருகிறது என்று நான் சொல்லமாட்டேன். அதனால் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கருத்தை உங்கள் பெயரில், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். யாரோ அனுப்பிய படம், எங்கேயோ நடந்ததாகச் சொல்லும் கலவரம், ஒரு சமூகத்தைப் பற்றிய வதந்தி, இதையெல்லாம் உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். என்னிடம் வந்த இப்படிப்பட்ட விவகாரங்களில் மாட்டிக்கொண்டவர்கள் தாங்களே எழுதியதால் மாட்டவில்லை. அடுத்தவர் எழுதியதை ஃபார்வர்டு செய்துதான் மாட்டினார்கள்.

சாதாரண ஆளால் முடியுமா என்று கேட்டீர்கள். அதற்கு நம் நீலகிரியின் கூடலூருக்குப் போகவேண்டும்.

கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கேட்டு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். எண் 202. அவர் உங்களையும் என்னையும்போல் சாதாரண வீட்டுக்காரர் இல்லை, உண்மைதான். ஆனாலும் ஒரு தனி மனிதர், இந்த மலையின் ஒரு மூலை, ஒரு மனு. 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், காடு என்றால் அகராதியில் உள்ள பொருளில் காடுதான், நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி என்றது. நாடு முழுவதும் காடுகளுக்குள் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் இயங்கிய மரம் அறுக்கும் ஆலைகள் நிற்கவேண்டியதாயிற்று. இன்றும் இந்தியாவில் எந்த மூலையில் காட்டு வழக்கு நடந்தாலும் எங்கள் வாயில் வரும் பெயர் கோதவர்மன். 2023-இல் வன பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி அந்தப் பொருளைச் சுருக்கினார்கள். உங்களைப்போல ஓய்வுபெற்ற ஆட்கள், வனத்துறையில் அதிகாரிகளாக இருந்தவர்கள், நீதிமன்றம் போனார்கள். 2024 பிப்ரவரி 19 அன்று, இப்போதைக்குப் பழைய தீர்ப்பின் பொருளையே மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. வேலை பார்த்த துறை அவர்களுக்கு அத்துபடி. எந்தச் சொல்லை மாற்றினால் எத்தனை ஏக்கர் போகும் என்று தெரியும். அதனால் அவர்கள் கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் கூடலூர்க்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஜன்மி என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழிக்க வந்த 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்திலிருந்து தீராமல் கிடக்கும் நிலங்களில், தலைமுறையாக இருப்பவர்களுக்கு இன்னும் பட்டா இல்லை. கரண்ட் கேட்டால், வீடு கட்ட அனுமதி கேட்டால், ஜன்மம் சிக்கலோடு காடு என்ற சொல்லும் வந்து குறுக்கே நிற்கிறது. அங்கே மண்ணெண்ணெய் விளக்கில் படித்து வளர்ந்த ஒரு பெண் பிள்ளை என்னிடம் ஜூனியராக இருந்தாள். கோதவர்மன் வழக்கை அவளிடம் புகழ்ந்து பேசினால் முகம் சுருங்கிவிடும். காட்டைக் காப்பாற்றிய அதே காகிதம்தான் அவள் வீட்டு வாசலுக்கு மின்கம்பம் வராமல் தடுத்திருக்கிறது. அதனால்தான் எந்தக் கொள்கையைப் பற்றியும் ஆதரவு, எதிர்ப்பு என்று ஒரே வார்த்தையில் பேசிவிட எனக்கு இப்போதெல்லாம் முடிவதில்லை. உங்களையும் அப்படிப் பேசவேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

கட்சிகளுக்குப் பெயர் தெரியாமல் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரம் விஷயமும் தெரிந்திருக்கும். 2018-இல் வந்த திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ரத்து செய்தார்கள். யார் யாருக்குப் பணம் கொடுத்தார் என்பது அடுத்த மாதமே ஊருக்குத் தெரிந்தது. ஆனால் நடுவில் ஆறு ஆண்டும் ஒரு பொதுத்தேர்தலும் போய்விட்டன. நாலரை மணிக்கு எழுந்து போனைப் பார்ப்பவருக்கு ஆறு ஆண்டு என்பது தாங்காது. ஒரு ஃபைலை வைத்திருப்பவருக்குத் தாங்கும்.

ஆகையால் உங்களுக்கும் ஒரு ஃபைல் வேண்டும் ஐயா. ஏழு விஷயத்துக்கும் வேண்டாம், ஒன்றே ஒன்று. எதை எடுப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை. 36 ஆண்டு உங்களுக்குச் சோறு போட்ட துறை இருக்கிறது. 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். உங்கள் வட்டாரத்தில் கிளை அஞ்சலகங்கள் எத்தனை, எத்தனை இடம் காலி, விரைவுத் தபால் மேட்டு ஊர்களுக்கு எத்தனை நாளில் போய்ச் சேருகிறது, முதியோர் உதவித்தொகைக்காரர்கள் பணம் வாங்க எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்? இந்தக் கேள்விகளைச் சரியாகக் கேட்க உங்களைவிடத் தகுந்த ஆள் இந்த மலையில் யார்?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம். மத்திய அரசுத் துறை என்பதால் இணையத்திலேயே அனுப்பலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் ஆணையத்துக்கு. இந்தச் சட்டமும் முன்புபோல் இல்லை. 2019-இல் ஆணையர்களின் பதவிக்காலத்தை நிர்ணயிக்கும் உரிமையை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. தனிநபர் தரவுச் சட்டத்தின் வழியாக 8(1)(ஜே) பிரிவையும் மாற்றிவிட்டார்கள். 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரே வார்த்தையில் கதவை மூட இப்போது வசதி கூடியிருக்கிறது. அதனால் ஆளைப் பற்றிக் கேட்காதீர்கள். எண்ணிக்கை, தேதி, உத்தரவின் நகல் கேளுங்கள். ஒரு கேள்வி ஒரு வரியைத் தாண்டவேண்டாம். "ஏன்" என்று கேட்காதீர்கள், தகவல் இல்லை என்று பதில் வரும். "எந்த உத்தரவின்படி" என்று கேளுங்கள். என்னிடம் வழக்குக்கு வந்த ஒருவர் ஓர் அலுவலகத்துக்கு ஐந்து பக்கத்தில் தன் மனக்குமுறலை எழுதி அனுப்பினார். ஒரு வரியில் திருப்பி அனுப்பினார்கள். அதையே நாலு வரிக் கேள்வியாக்கி அனுப்பியபோது 62 பக்கம் நகல் வந்தது.

இன்னொன்று. டெல்லியைப் பார்த்தே கழுத்து வலிக்கிறது நமக்கு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த நம் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஒரு வருடமாகத் தனி அலுவலர்தான் எல்லாம். தேர்ந்தெடுத்த ஆளே இல்லாத சபை உங்கள் ஊரில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதைச் செய்தது டெல்லி இல்லை, சென்னை. இதற்கும் உங்களுக்கு அதே கோபம் வரவேண்டும், வரும் என்றும் நம்புகிறேன். ஜனவரி 26 அன்று கிராம சபை இருக்கிறது. தலைவர் இல்லாவிட்டாலும் சபை கூடும். போய் உட்காருங்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்தக் கேட்டு ஒரு தீர்மானம், நூறு நாள் வேலைக் கணக்கைப் படிக்கச் சொல்லி ஒரு கேள்வி. தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன்னால் போடாதீர்கள்.

செய்தி பார்ப்பதை விடவேண்டாம். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். நாலரை மணிக்கு வரும் செய்தியால் நாலரை மணிக்கு உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பேப்பர் முழுதாகப் படியுங்கள், உங்கள் ஃபைலுக்கு வேண்டியதை வெட்டி வையுங்கள். இரவிலும் தூக்கம் இல்லாமல், நெஞ்சு படபடப்பாகவே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். அது அரசியல் இல்லை, உடம்பு.

மச்சான் விஷயத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். நாட்டு விவகாரத்தில் அவரை நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை, அவரும் உங்களை ஜெயிக்கப்போவதில்லை. ஆனால் பெயர் விடுபட்டவர் உங்களுக்குக் கொழுந்தியாள் மட்டும் இல்லை. அவர் மச்சானின் கூடப்பிறந்த தங்கை. 2005 பட்டியலில் அவர்கள் வீட்டுப் பக்கத்தைத் தேட அவர்தான் சரியான ஆள், பழைய வீட்டு எண் அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். இன்று சாயங்காலமே போன் போடுங்கள். சட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசவேண்டாம். தங்கை பெயர் இல்லை, 18-ஆம் தேதி கடைசி, சனிக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து போகலாமா என்று மட்டும் கேளுங்கள். போகும்போது படிவம் 6, உறுதிமொழித் தாள், ஒரு போட்டோ, ஆதார் நகல், பழைய வாக்காளர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதை இரண்டு நகல் எடுத்து ஒன்றை அவரிடமே கொடுத்து வையுங்கள்.